தீநீர் வாலைக்கு ஒரு போர்வை: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) சமையலறையில் ஆவியை வீணாக்காமல் வடிப்பது எப்படி

ஓமத் தீநீர், வெட்டிவேர் நீர், பன்னீர் என்று வீட்டிலேயே வாலையில் (ஆவியை எழுப்பிக் குளிரவைத்து நீராக்கும் பாத்திரத்தில்) வடிக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். அடுப்பு இரண்டு மணி நேரம் எரிந்திருக்கும், பாத்திரம் கொதிக்கும் சத்தமும் கேட்டிருக்கும். ஆனால் போத்தலில் ஒரு லிட்டர்கூடச் சேர்ந்திருக்காது. குளிர்விப்பானைக் குறை சொல்லிப் பெரியதாக ஒன்று வாங்கலாமா என்று யோசிப்பார்கள். பழுது பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. மேலெழுந்த ஆவி மூடியிலும் கழுத்துக் குழாயிலும் பட்டுக் குளிர்ந்து, நீராகித் திரும்பப் பாத்திரத்துக்குள்ளேயே விழுந்துகொண்டிருக்கிறது. அந்த ஆவியைக் குளிர்விப்பான்வரை ஆவியாகவே கொண்டுசேர்ப்பதுதான் வெப்பக்காப்பின் வேலை.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். சிங்கப்பூரில் பியர், ஒயின் போன்ற புளிக்கவைத்த பானங்களைச் சொந்தப் பயனுக்காக ஒரு வீட்டில் மாதம் 30 லிட்டர்வரை தயாரிக்கச் சுங்கத்துறை இடம் தருகிறது. வாலையில் காய்ச்சி வடித்த மதுவுக்கு அந்தச் சலுகை கிடையாது. உரிமமின்றி வடிப்பது குற்றம். அது போக, மதுவின் ஆவி தீப்பற்றும். துணியும் கம்பளியும் சுற்றிய பாத்திரத்துக்குப் பக்கத்தில் அது கசிந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இங்கே சொல்லும் எல்லா அளவும் தண்ணீரும் மூலிகையும் மட்டும் போட்டு வடிக்கும் வாலைக்கு உரியவை.

வெப்பம் எங்கே போகிறது?

24 செ.மீ. விட்டமும் அதே உயரமும் கொண்ட பாத்திரம் ஏறத்தாழ 11 லிட்டர் பிடிக்கும். அதன் பக்கச் சுவர், மூடி, 60 செ.மீ. நீளக் கழுத்துக் குழாய் மூன்றும் சேர்ந்தால் கால் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேலே பரப்பு வரும். உள்ளே 100 டிகிரி, சமையலறையில் 30 டிகிரி. இந்த நிலையில் மூடாத உலோகம் 150 முதல் 200 வாட்வரை காற்றுக்குக் கொடுத்துவிடும். பளபளப்பான எவர்சில்வர் கொஞ்சம் குறைவாக இழக்கும். கறுத்துப்போன செம்பு கூடுதலாக இழக்கும்.

நம் ஊர் வெக்கைக்கு மின்விசிறியைப் போடாமல் யாரும் அடுப்படியில் நிற்பதில்லை. விசிறிக் காற்று நேராகப் பாத்திரத்தில் அடித்தால் இழப்பு 300 வாட்டைத் தொட்டுவிடும். 'இது வெப்ப நாடு, காப்பு எதற்கு' என்று கேட்பவர்கள் இந்த விசிறியைக் கணக்கில் எடுப்பதில்லை.

இதை வடிநீராக மாற்றிப் பாருங்கள். 1 லிட்டர் கொதிநீரை ஆவியாக்க ஏறத்தாழ 0.63 யூனிட் மின்சாரம் வேண்டும். பாத்திரத்துக்குள் 600 வாட் வெப்பம் இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், போர்வை இல்லாமல் மணிக்கு 680 மில்லி கிடைக்கும். விசிறி அடித்தால் 480 மில்லி. 20 மி.மீ. போர்வை போட்டால் 850 மில்லியை நெருங்கும்.

மின்கட்டணத்தில் பெரிதாக மிச்சமாகும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். மூன்று மணி நேர வடிப்புக்குப் பத்துப் பன்னிரண்டு காசுதான் குறையும். உண்மையான பயன் இரண்டு. ஒன்று, ஆவி சீராக வரும். இரண்டாவது, கனமான மணப்பொருள்கள் பாதி வழியில் விழாமல் வந்துசேரும். வெட்டிவேருக்கு இது உயிர்நாடி. அதன் எண்ணெய் எளிதில் ஆவியாகாது, மணிக்கணக்கில் காய்ச்ச வேண்டும். கழுத்து குளிர்ந்திருந்தால் அதுதான் முதலில் திரும்பி விழும். உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் அத்தர் வடிக்கிறவர்கள் செப்பு அண்டாவிலிருந்து ஆவியைக் கொண்டுபோக மூங்கில் குழாயை வைத்து, அதன்மேல் கயிறு சுற்றியிருப்பார்கள். மூங்கிலே வெப்பத்தை எளிதில் கடத்தாது; கயிறு அதற்கு இன்னொரு போர்வை.

எதை மூடலாம், எதை மூடக் கூடாது

ஆவி குளிர்விப்பானுக்குள் நுழையும் இடம்வரை எல்லாவற்றையும் மூடலாம்: பாத்திரத்தின் பக்கச் சுவர், மூடி, கழுத்து, கீழ்நோக்கிச் சரியும் குழாய். நேரமோ பொருளோ ஒரு பகுதிக்குத்தான் போதும் என்றால் மூடியையும் கழுத்தையும் மூடுங்கள். பக்கச் சுவரில் போகும் வெப்பத்தை அடுப்பைக் கூட்டி ஈடுகட்டலாம். கழுத்தில் திரும்பி விழும் மணத்தை அப்படி மீட்க முடியாது.

குளிர்விப்பானை எந்தக் காரணத்துக்காகவும் மூடாதீர்கள். பாதுகாப்பு வால்வு, வெப்பமானியின் தலை, மூடியும் பாத்திரமும் சேரும் விளிம்பு ஆகியவையும் வெளியே தெரிய வேண்டும். விளிம்பைப் போர்த்திவிட்டால் ஆவி கசிவது கண்ணுக்குத் தெரியாது. கசிந்த ஆவி போர்வைக்குள்ளேயே ஊறும்.

பாத்திரத்தின் அடிப்பகுதியில் 3 செ.மீ. உயரத்துக்கு எதுவும் சுற்ற வேண்டாம். இண்டக்‌ஷன் அடுப்பில் இது மிக முக்கியம், ஏனென்றால் அலுமினியத் தாளும் மெல்லிய உலோகப் பட்டையும் அடுப்புச் சுருளின் பக்கத்தில் இருந்தால் தாமே சூடாகும். அடுப்பின் காற்றுத் துவாரத்தையும் போர்வை மறைக்கக் கூடாது. எரிவாயு அடுப்பு என்றால் கம்பளி, பருத்தி, கயிறு எதுவுமே வேண்டாம். தீப்பற்றாத இழைப் போர்வை மட்டும், அதுவும் அடியிலிருந்து குறைந்தது 5 செ.மீ. விட்டு. தொடக்கக்காரர்களுக்கு எரிவாயு அடுப்பைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. மின்சார அடுப்பிலேயே பழகுங்கள்.

என்ன பொருள் வாங்குவது

மின்சார அடுப்புக்கு மிகச் சரியானது 10 மி.மீ. தடிமன் கம்பளி ஃபெல்ட், இரண்டு அடுக்காக. 100 டிகிரியை எளிதாகத் தாங்கும், தோலை அரிக்காது, கத்தரிக்கோலால் வெட்டலாம், ஊசியால் தைக்கலாம். வாங்கும்போது உண்மையான கம்பளிதானா என்று கேளுங்கள். பாலியெஸ்டர் ஃபெல்ட்டும் அதே போலத்தான் இருக்கும். ஓர் இழையைப் பிய்த்துத் தொட்டியருகே பாதுகாப்பாகக் கொளுத்தினால் கம்பளி முடி கருகும் நாற்றம் அடித்துப் பொடியாகும். பாலியெஸ்டர் உருகி மணியாகச் சுருளும்.

ஏர்கான் குழாய்களுக்குப் போடும் கறுப்பு ரப்பர் நுரை இங்கே எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கிறது. சாதாரண வகையின் தாங்குதிறன் ஏறத்தாழ 105 டிகிரி. கணக்குப்படி கழுத்துக்குப் போதும்தான், ஆனால் விளிம்பில் நிற்கிறது. சில முறைக்குப் பிறகு விறைத்துப்போய் வெடிக்கும், சூட்டில் ரப்பர் வாடையும் கிளம்பும். மணநீர் வடிக்கும் சமையலறையில் அந்த வாடையை ஏன் சகிக்க வேண்டும்? கழுத்துக்கு 8 மி.மீ. பருத்திக் கயிறு நெருக்கமாக இரண்டு சுற்று சுற்றினால் நன்றாகவே வேலை செய்கிறது.

செராமிக் இழைப் போர்வை 1,000 டிகிரிக்கு மேலும் தாங்கும். 100 டிகிரி வேலைக்கு அது தேவையே இல்லை. வெட்டும்போது பறக்கும் நுண்ணிழைகள் நுரையீரலுக்குக் கெடுதி. தீப்பற்றாத பொருள் கட்டாயம் வேண்டும் என்றால் கண்ணாடி இழைத் துணியால் முழுக்க மூடித் தைத்த போர்வையாக வாங்குங்கள். வெட்டித் திறந்த விளிம்போடு சமையலறையில் வைக்காதீர்கள்.

யோகா விரிப்பு, காருக்கு வெயில் மறைக்கும் வெள்ளித் தாள், குமிழிப் பிளாஸ்டிக், மீன் பெட்டித் தெர்மாக்கோல் ஆகியவை எல்லாம் 70, 80 டிகிரியிலேயே தளரத் தொடங்கிவிடும். உருகி உலோகத்தில் ஒட்டினால் சுரண்டி எடுப்பது பெரும்பாடு. சாதாரணத் துணி டேப்பின் பசையும் சூட்டில் வழியும்.

போர்வை தயாரித்தல்

24 செ.மீ. விட்டப் பாத்திரத்துக்கான அளவுகள் இவை. உங்கள் பாத்திரம் வேறு என்றால் சுற்றளவை நூலால் அளந்து இதே முறையில் கணக்கிடுங்கள்.

1. பாத்திரத்தின் சுற்றளவு 75.4 செ.மீ. ஆனால் ஃபெல்ட்டின் தடிமன் வளையும்போது நீளத்தைத் தின்றுவிடும். முதல் அடுக்கை 78.5 செ.மீ. நீளமாகவும், இரண்டாவதை 85 செ.மீ. நீளமாகவும் வெட்டுங்கள். பலர் இரண்டையும் ஒரே நீளத்தில் வெட்டிவிட்டு, வெளி அடுக்கில் ஆறு செ.மீ. இடைவெளியோடு முழிப்பதுண்டு.

2. உயரத்தில் அடியிலிருந்து 3 செ.மீ., மேல் விளிம்பிலிருந்து 2 செ.மீ. கழித்து 19 செ.மீ. எடுங்கள். கைப்பிடிகள் வரும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்து, மேலிருந்து கீழாகப் பிளவு வெட்டுங்கள். பெரிய ஓட்டையாக வெட்ட வேண்டாம். பிளவு கைப்பிடியைத் தானே கவ்விக்கொள்ளும்.

3. முதல் அடுக்கின் இரு முனையும் ஒன்றோடொன்று முட்டி நிற்க வேண்டும், ஒன்றின்மேல் ஒன்று ஏறக் கூடாது. இரண்டாவது அடுக்கின் மூட்டு, முதல் மூட்டுக்கு நேர் எதிர்ப்பக்கம் வரட்டும். இரண்டு மூட்டும் ஒரே கோட்டில் வந்தால் அந்தக் கோடு வழியாகச் சூடு வெளியேறும்.

4. இரண்டு அடுக்கையும் மேலும் கீழும் பருத்தி நூலால் சேர்த்துத் தையுங்கள். வெளியே ஒரு கித்தான் உறை போட்டால் அழுக்குப் பிடிக்காது. கட்டுவதற்கு நாடா போதும். இறுக்கிக் கட்டாதீர்கள்: காப்பது இழைகளுக்கு நடுவே நிற்கும் காற்று, நசுக்கினால் அது போய்விடும்.

5. மூடிக்கு 26 செ.மீ. வட்டமாக இரண்டு துண்டு. நடுவே கழுத்துக்கும், ஓரத்தில் வால்வுக்கும் ஓட்டை. வால்வைச் சுற்றி இரண்டு விரல் இடைவெளி தாராளமாக விடுங்கள். ஓட்டையிலிருந்து விளிம்புவரை ஒரு வெட்டு போட்டால் கழுத்தைக் கழற்றாமலே போர்வையைப் போட்டு எடுக்கலாம்.

6. கழுத்துக்குக் கயிற்றை மூடியிலிருந்து தொடங்கிக் குளிர்விப்பானின் வாய்வரை சுற்றுங்கள். இரண்டாம் சுற்று எதிர்த்திசையில். 22 மி.மீ. குழாய் 60 செ.மீ. நீளத்துக்கு முதல் சுற்றுக்கே ஏறத்தாழ 7 மீட்டரும், இரண்டாவதற்கு ஏறத்தாழ 11 மீட்டரும் பிடிக்கும். 20 மீட்டர்ச் சுருளாக வாங்கிவிடுங்கள்.

வெறும் தண்ணீரில் சோதனை

மூலிகை போடுவதற்கு முன் இந்தச் சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். போர்வை இல்லாமல் 4 லிட்டர் தண்ணீர் ஊற்றி, அடுப்பை ஒரே அளவில் வைத்து, முதல் சொட்டு விழுந்த பிறகு 15 நிமிடத்துக்கு ஒருமுறை வடிநீரைத் தராசில் நிறுத்துக் குறியுங்கள். பாத்திரத்தை ஆறவிட்டு, போர்வை போட்டு அதையே திரும்பச் செய்யுங்கள். இரண்டாவது எண் கால் பங்காவது கூட வேண்டும். கூடவில்லை என்றால் கழுத்து திறந்திருக்கிறது, அல்லது விளிம்பில் கசிவு இருக்கிறது.

போர்வையின் வெளிப்புறம் கை வைத்து நிதானமாக எடுக்கக்கூடிய சூட்டில், 40 டிகிரி சுமாரில், இருக்க வேண்டும். ஓர் இடம் மட்டும் சுட்டால் அங்கே மூட்டு பிரிந்திருக்கும். அகச்சிவப்பு வெப்பமானியால் பளபளக்கும் எவர்சில்வரை அளந்து '45 டிகிரிதான்' என்று நம்பிக் கையை வைத்துவிடாதீர்கள். பளபளப்பான உலோகத்தில் அது பொய்யாகக் காட்டும். ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி, அதன்மேல் அளந்தால்தான் சரியான எண் வரும்.

குளிர்விப்பானுக்குச் சுமை கூடும்

போர்வை போட்டவர்கள் அடுத்து மாட்டிக்கொள்ளும் இடம் இது. முன்பு சமையலறைக்குப் போன வெப்பம் இப்போது முழுதாகக் குளிர்விப்பானுக்கு வருகிறது. நம் குழாய்த் தண்ணீரே 28, 29 டிகிரி. மணிக்கு 850 மில்லி வடித்தால், 20 லிட்டர் வாளித் தண்ணீர் ஒரே மணி நேரத்தில் 25 டிகிரி ஏறி 53 டிகிரிக்குப் போய்விடும். அதற்கு வெகு முன்பே வடிநீர் சூடாக விழத் தொடங்கி, மணமும் அதோடு பறந்துவிடும்.

வழி எளிது. 1.5 லிட்டர் பிளாஸ்டிக் போத்தல்களில் தண்ணீரை முதல் நாளே உறையவையுங்கள். மணிக்கு மூன்று போத்தல் வாளியில் போட்டால் சமாளிக்கலாம். மீன்தொட்டிக்கு வாங்கும் சின்ன பம்பு தண்ணீரைச் சுற்றவிடப் போதும். குளிர்நீர் குளிர்விப்பானின் கீழ்ப்பக்கம் நுழைந்து மேல்பக்கம் வெளியேற வேண்டும். பனிக்கட்டி போட்ட வாளியின் வெளிப்புறம் நம் ஊர் ஈரப்பதத்தில் வியர்த்து வழியும். மின் இணைப்புப் பலகையை அதற்குப் பக்கத்தில் தரையில் வைக்காதீர்கள்.

வடிநீர் 30 முதல் 40 டிகிரிக்குள் விழுந்தால் நல்லது. ஓமத்துக்கு மட்டும் அதைவிடக் குளிர விடாதீர்கள். ஓம எண்ணெயில் நிறைய இருக்கும் தைமால் 50 டிகிரியை ஒட்டித்தான் உருகும். அதிகம் குளிர்ந்தால் ஓமப்பூ எனும் படிகமாகக் குழாய்க்குள்ளேயே உறையத் தொடங்கும். குழாய் அடைத்தால் பாத்திரத்தில் அழுத்தம் ஏறும். சொட்டு திடீரென நின்றால் உடனே அடுப்பை அணையுங்கள். மூடியைத் திறக்க அவசரப்படாதீர்கள். போர்வை போட்ட பாத்திரம் அடுப்பை அணைத்த பிறகும் பல நிமிடம் ஆவி விடும்.

முதல் வடிப்புக்கு அளவுகள்

ஓமம் 300 கிராம், லேசாக இடித்தது, தண்ணீர் 4 லிட்டர், 1.5 லிட்டர் எடுத்ததும் நிறுத்துங்கள். வெட்டிவேர் 250 கிராம் விரல்நீளத்துக்கு வெட்டி, 5 லிட்டரில் ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் 2 லிட்டர். ரோஜா இதழ் 500 கிராமுக்கு 3 லிட்டர் தண்ணீர், 1 லிட்டர் வடிநீர். லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவில் செராய் (எலுமிச்சைப்புல்) மலிவாகக் கிடைக்கும். ஒரு கிலோவை நசுக்கிப் போட்டுப் பழகினால் பிழை செய்தாலும் நட்டம் குறைவு. மல்லிகையை விட்டுவிடுங்கள், கொதிநீரில் அதன் மணம் சிதைந்துவிடும். மாலை கட்டும் பூக்களில் பூச்சிமருந்து இருக்கலாம். அவற்றிலிருந்து வடித்ததைக் குடிக்க வேண்டாம்.

எதைப் போட்டாலும் பாத்திரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். ஊற்றிய தண்ணீரில் கால் பங்காவது எப்போதும் மிச்சம் இருக்கட்டும். போர்வைக்குள் இருக்கும் பாத்திரம் வறண்டுபோனால் வெளியே தெரியாது. மூடி விளிம்பை அடைக்க, கோதுமை மாவையோ மைதாவையோ கெட்டியாகப் பிசைந்து பூசினால் போதும். சித்த மருத்துவத்தில் சீலைமண் செய்வதும் (மண் பூசிய துணியால் மூடியை அடைப்பதும்) இதே காரியத்துக்குத்தான். ரப்பர் வளையம் போட்டால் ஓம வாடை அதில் ஏறிப் பிறகு பன்னீரிலும் இறங்கும்.

ஏன் இப்படி ஆகிறது?

வடிநீர் விட்டுவிட்டு, குபுக் குபுக்கென்று வருகிறதா? பல இண்டக்‌ஷன் அடுப்புகள் குறைந்த அளவில் வைத்தால் சீராக எரியாமல் அணைந்து அணைந்து எரியும். அணைந்த நொடியில் பாத்திரத்துக்குள் ஆவி சுருங்கி உறிஞ்சும். வடிகுழாயின் முனை போத்தல் நீருக்குள் மூழ்கியிருந்தால் வடித்த நீர் திரும்ப ஏறும். முனை எப்போதும் நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். பாத்திரத்துக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு தடித்த இரும்புத் தட்டு வைத்தால் துடிப்பு குறையும்.

வடிநீரில் கருகல் வாடை வந்தால் மூலிகை அடியில் ஒட்டியிருக்கிறது. ஒரு எவர்சில்வர்த் துளைத்தட்டை அடியில் வைத்து அதன்மேல் மூலிகையைப் போடுங்கள். போர்வை போட்ட பிறகு பழைய அடுப்பு அளவிலேயே காய்ச்சினால் தண்ணீர் சீக்கிரம் வற்றி இது நேரலாம், ஒரு படி குறைத்துக்கொள்ள வேண்டும். வடிநீர் மஞ்சளாகவோ பச்சையாகவோ கலங்கி வந்தால் பாத்திரத்தில் நுரை பொங்கிக் கழுத்துவரை ஏறியிருக்கிறது என்று அர்த்தம். ஓமத் தீநீர் பால்போல் வெண்மையாகக் கலங்குவது மட்டும் இயல்பு, அது எண்ணெய்.

2018 ஜூன் முதல் புதிய வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம். நேராக அதன் கீழே ஆவி போனால் அலறும். அதற்காகக் கருவியைக் கழற்றாமல், வாலையைச் சன்னலோரம் நகர்த்துங்கள். சன்னல் காற்று பாத்திரத்தில் அடிக்காதபடி ஓர் அட்டையை மறைப்பாக நிறுத்துங்கள். வீட்டுக்கு வெளியே நடைபாதையில் அடுப்பு வைக்கும் எண்ணமே வேண்டாம்.

வடிநீரைக் கொதிநீரில் அலசிய கண்ணாடிப் போத்தலில் ஊற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். அதில் பாதுகாப்புப் பொருள் எதுவும் இல்லை. ஓமத் தீநீர் வீரியமானது, கைக்குழந்தைகளுக்கு நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

வேலை முடிந்ததும் போர்வையைக் கழற்றிவிடுங்கள். பாத்திரத்தின் மேலேயே விட்டுவைப்பதுதான் நம் ஊரில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. ஈரம் ஊறிய ஃபெல்ட் சூட்டைக் காப்பதில்லை, கடத்துகிறது. நீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். உப்பும் ஈரமும் சேர்ந்தால் எவர்சில்வரிலேயே புள்ளி விழும், செம்பு பச்சை பிடிக்கும். துணி உலர்த்தும் கம்பில் ஒரு நாள் விரித்துப் போட்டு, தொட்டால் குளுமை தெரியாத அளவுக்குக் காய்ந்த பிறகு மடித்து வையுங்கள். பூஞ்சை வாடை வந்துவிட்ட ஃபெல்ட்டைக் காப்பாற்ற முயல வேண்டாம், புதிதாக வெட்டிக்கொள்ளுங்கள்.